ஆடரங்கும் அடிநிலமும்

உலக நாடுகள் ஒருங்குகூடி ஆடும் பெருவிளையாட்டுகளை நடத்துதற்கு எந்நகரம் தகுதியுடையது என்னும் ஆராய்ச்சியில் இக்காலத்தில் ஆட்சியாளர் மட்டும் ஈடுபடுவதில்லை. தேநீர்க் கடையில் அமர்ந்திருப்போரும், கல்லூரி மாணவரும், விளையாட்டுப் பித்தரும், இன்னும் வாராத ஒலிம்பிக் விழாவைத் தத்தம் மனத்துள் நடத்திப் பார்க்கின்றனர். ஓட்டப்பந்தயம் இவ்விடம், நீச்சல் அவ்விடம், விளையாட்டு வீரர் தங்கும் குடியிருப்பு உவ்விடம் என்று நகரப் படத்தின்மேல் வட்டங்கள் வரைகின்றனர். இக்கற்பனையில் குற்றம் ஒன்றுமில்லை. விருந்தோம்பலைப் பேரறமாகக் கொண்ட ஒரு சமுதாயம், தன்னூர் உலகினரை வரவேற்க வேண்டுமென விழைதல் இயல்பே. ஆயினும், படத்தின்மேல் வட்டம் வரையும் கைக்கு, அவ்வட்டத்தினுள் யாவர் வாழ்கின்றனர் என்பது தெரிவதில்லை. தெரிந்துகொள்ளும் அவாவும் பெரும்பாலும் எழுவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போமாயின், இக்குறை எத்துணைப் பெரிது என்பது புலனாகும்.

கோலாலம்பூரின் பிறப்பே இத்தகையதோர் இடத்தெரிவில் நிகழ்ந்தது. 1857ஆம் ஆண்டில், கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேடுமாறு 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பினார். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் படகை விட்டிறங்கி, காட்டினூடே நடந்து அவர்கள் சென்றடைந்த இடமே அம்பாங். நீரைத் தடுக்கும் அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே அப்பெயர்க்கு மூலமென்பர். ஒரு திங்கள் கழிவதற்குள் காட்டுக் காய்ச்சல் அவர்களுள் 69 பேரை மாய்த்தது. எஞ்சியோர் 18 பேரே. பின்னும் ஆட்கள் அனுப்பப்பட்டனர், ஈயம் கிட்டியது, படகுத்துறை கடைத்தெருவாயிற்று, கடைத்தெரு தலைநகராயிற்று. ராஜாவின் பெயர் வரலாற்றில் நிலைபெற்றிருக்கிறது. மாண்ட 69 பேரோ வெறும் எண்ணாக மட்டுமே நிற்கின்றனர். ஓரிடத்தைத் தெரிந்தெடுப்பவர் ஒருவர், அதன் விலையைச் செலுத்துபவர் வேறொருவர் என்னும் முறை இவ்வாறு அம்பாங்கில் தொடங்கிற்று. அம்முறை ஈயத்தோடு ஒழிந்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இந்நாடு உலகினரை ஆட அழைத்த வரலாறு மெர்டேக்கா அரங்கத்தோடு தொடங்குகிறது. நாட்டின் விடுதலையை அறிவிப்பதற்கென்றே ஓர் அரங்கம் வேண்டுமென்று துங்கு அப்துல் ரகுமான் விரும்பினார். பொதுப்பணித் துறையைச் சேர்ந்த ஸ்டான்லி ஜூக்ஸ் அதனை வரைந்தார். 1956 செப்டம்பரில் தொடங்கிய வேலை 1957 ஆகஸ்டில் முற்றுப்பெற்றது. அம்மாதம் 31ஆம் நாள் காலையில் விடுதலை முழக்கம் அங்கே எழுந்தது. நகரின் நடுவே, நடந்து செல்லும் தொலைவில், சிறு குன்றொன்றின் மேல் அமைந்த அரங்கம் அது. 1965இல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள் கோலாலம்பூரில் நிகழ்ந்தன. 1975 மார்ச்சு 15ஆம் நாள், உலகக் கோப்பை ஹாக்கி இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை இரண்டுக்கு ஒன்று என வென்றது மெர்டேக்கா அரங்கத்தில்தான். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் முகமது அலி, ஜோ பக்னருடன் குத்துச்சண்டை புரிந்ததும் அங்கேதான். அரசியல் விழா, கால்பந்து, ஹாக்கி, குத்துச்சண்டை ஆகிய அனைத்துக்கும் ஓரரங்கமே போதியதாயிருந்தது என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அவ்வரங்கில் ஆடியோரும் ஓடியோரும் எங்கிருந்து வந்தனர்? அரசு அரங்கம் அமைக்கும் முன்னரே மக்கள் தாமே களங்களை அமைத்துக் கொண்டிருந்தனர். கோலாலம்பூர்த் தமிழர் தமிழர் உடற்பயிற்சிக் கழகத்தை நிறுவிப் பிரின்சஸ் சாலையில் தமக்கெனத் திடல் வைத்திருந்தனர். சீனர் சின் வூ கழகத்தின் அரங்கத்தை 1953இல் எழுப்பினர். இத்தகைய திடல்களிலும், பள்ளிக்கூட வெளிகளிலும், தோட்டத்துப் புற்றரையிலும் பயின்ற கால்களே பின்னர் நாட்டுக்குப் புகழ் தேடித் தந்தன. எம். ஜெகதீசன் 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் ஓட்டத்தில் பொற்பதக்கம் வென்றார். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை ஓடினார். எம். ராஜாமணி என்னும் தமிழ்ப் பெண் 1966இல் பாங்காக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் பொற்பதக்கம் பெற்றார். பெண்ணை அடுப்படியில் அடைத்து வைத்தலே குலப்பெருமை என்று பேசிக்கொண்டிருந்தோர்க்கு அந்த ஒரு நிமிட ஓட்டம் சொன்ன மறுமொழி, ஆயிரம் மேடைப் பேச்சினும் வலியது. 1975 உலகக் கோப்பையில் நான்காம் இடம் எய்திய மலேசிய ஹாக்கி அணியின் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன்.

இவ்வெற்றிகளின் பின்னணியாகிய தோட்ட வாழ்வை மறந்து பதக்கங்களை மட்டும் எண்ணுதல் முறையன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கித்தா விலை ஏறியபோது, கங்காணி முறையால் தமிழ்நாட்டினின்றும் கொணரப்பட்ட மக்களே கிள்ளான் பள்ளத்தாக்கின் காடுகளைத் தோட்டங்களாக்கினர். அவர்கள் பெற்றது லயத்து வீடும், கள்ளுக்கடையும், அரைகுறைப் பள்ளிக்கூடமும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தை இவ்விடத்தில் நினைவுகூர்வோம். கூலி உயர்வு, பிள்ளைகட்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகிய கோரிக்கைகளோடு மற்றுமொன்றையும் அத்தொழிலாளர் முன்வைத்தனர். துரைமார் எதிரே மிதிவண்டியினின்றும் இறங்கி நிற்கவேண்டும் என்னும் இழிவு ஒழியவேண்டும் என்பதே அது. பட்டாளம் அழைக்கப்பட்டது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் மாய்ந்தன. மிதிவண்டியில் ஏறிச் செல்லும் உரிமைக்காக மக்கள் குருதி சிந்திய இதே பள்ளத்தாக்கில், 57 ஆண்டுகளுக்குப் பின், செராஸ் ஓடுதளத்தில் காமன்வெல்த் நாடுகளின் வீரர்கள் மிதிவண்டிப் பந்தயம் ஓடினர். காலம் மாறியதை இதனால் அறிகிறோம். எத்துணை மாறியது என்பதை இனிக் காண்போம்.

1992 ஜூலையில் பார்சிலோனா நகரில் கூடிய காமன்வெல்த் விளையாட்டுக் கூட்டமைப்பு, 1998ஆம் ஆண்டு விழாவை நடத்தும் பேற்றைக் கோலாலம்பூருக்கு அளித்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு 25 வாக்குகள் பெற, கோலாலம்பூர் 40 பெற்றது. ஆசிய நகரம் ஒன்று அவ்விழாவை நடத்தும் உரிமை பெற்றது அதுவே முதன்முறை. முன்னர் ஆளப்பட்ட நாடொன்று, ஆண்டவர் உட்பட எல்லாரையும் தன் வாயிலுக்கு அழைத்தது பெருமிதமே. அதனை நாம் குறைத்துப் பேசோம். ஆனால் விழாவுக்கு இடம் வேண்டும். அவ்விடமாகத் தெரிந்தெடுக்கப்பட்டது நகரின் தெற்கே இருந்த புக்கிட் ஜாலில்.

புக்கிட் ஜாலில் என்பது வெறும் மேடன்று. அது சுமார் 1,800 ஏக்கர் பரப்புள்ள தோட்டம். தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டி வாழ்ந்த ஊர் அது. கோயிலும் பள்ளியும் லயங்களும் அங்கே இருந்தன. 1980இல் அரசு அத்தோட்டத்தைக் கையகப்படுத்தியது. பின்னர் அந்நிலத்தில் குழிப்பந்துத் திடலும், தொழில்நுட்பப் பூங்காவும், வீடமைப்புகளும், தேசிய விளையாட்டு வளாகமும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வரைபடம் எழுதியோர்க்கு அது காலி நிலம். காலி நிலம் என்னும் சொல்லை நாம் ஐயத்தோடு நோக்கல் வேண்டும். காட்டை அழித்தவன், கன்று நட்டவன், விடியுமுன் எழுந்து பால் எடுத்தவன் ஆகிய எவனிடத்தும் நிலப்பட்டா இல்லை. பட்டா இல்லாதவன் வாழும் நிலத்தையே சட்டம் காலி நிலம் என்கிறது.

வளாகம் கட்டப்பட்ட முறையும் கருதத்தக்கது. ஒரு தனியார் நிறுவனம் புதிய வளாகத்தைக் கட்டித் தருவதென்றும், அதற்கு ஈடாக நகரின் நடுவிலிருந்த மெர்டேக்கா அரங்க நிலத்தைப் பெறுவதென்றும் ஏற்பாடாயிற்று. விடுதலை முழங்கிய களமே மாற்றுப் பண்டமாயிற்று என்க. 1997இல் ஆசியாவைத் தாக்கிய பொருளாதார நெருக்கடி, அந்நிலத்தில் எழவிருந்த வணிகக் கட்டடங்களைத் தடுத்தது. பின்னர் அது தேசிய மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 1957இல் இருந்த தோற்றத்துக்கே மீட்கப்பட்டது. மரபின்மேல் எழுந்த அன்பைவிடப் பண முடையே அவ்வரங்கத்தை முதலிற் காத்தது என்பதைச் சொல்லாமல் விடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

1998 ஜூலை 11ஆம் நாள் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம் திறக்கப்பட்டது. எண்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரத்தக்க பேரரங்கம் அது. இலகு ரயில் பாதையின் புதிய கிளை ஓடத் தொடங்கியதும் அந்நாளிலேயே. ஈயம் ஏற்றிச் சென்ற பழைய ரயில் பாதையின் தடத்தைப் பெரிதும் பின்பற்றி 1996 திசம்பரில் அம்பாங்கிற்கு வந்திருந்த இலகு ரயில், சான் சோவ் லின் நிலையத்தில் இக்கிளையோடு இணைந்தது. அம்பாங்வாசி ஒருவர் அந்நிலையத்தில் வண்டி மாறி விளையாட்டரங்கின் வாயிலிலே இறங்கலாமாயிற்று. விழா பெற்றுத் தந்த நன்மைகளுள் இதனையே தலையாயதென்போம். விழா பதினொரு நாள். ரயிலோ இன்றும் தொழிலாளரையும் மாணவரையும் சுமந்து ஓடுகிறது.

செப்டம்பர் 11 முதல் 21 வரை 70 நாடுகள் ஆடின. கிரிக்கெட்டும் ஹாக்கியும் முதன்முறையாக அவ்விழாவில் இடம்பெற்றன. மலேசியா பத்துப் பொற்பதக்கங்களோடு நான்காம் இடம் பெற்றது. அவற்றுள் ஒன்று, 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் கோவிந்தசாமி சரவணன் வென்றது. காமன்வெல்த் தடகளத்தில் இந்நாடு பெற்ற முதற்பொன் அதுவே. நான்கு மணி நேரத்துக்கு மேல், ஓடலாகாது என்னும் விதிக்கு உட்பட்டு நடந்து பெற்ற வெற்றி அது. பாட்டன்மார் மரம் மரமாக நடந்த மண்ணில் பேரன் தலைமுறையினன் ஒருவன் உலகறிய நடந்தான் எனத் தமிழர் பூரித்தனர், அதிற் பிழையில்லை.

ஆயினும் அவ்விழாவின் ஒளியில் வேறு சில காட்சிகளும் தெரிந்தன. அம்மாதத் தொடக்கத்தில் துணைப் பிரதமர் அன்வார் இப்ராகிம் பதவி நீக்கப்பட்டார். நிறைவு நாளுக்கு முந்திய இரவில் அவர் கைது செய்யப்பட்டார். அரங்கினுள்ளே அரசியார் எலிசபெத் முன்னிலையில் நிறைவு விழா. வெளியே ‘சீர்திருத்தம்’ என்னும் முழக்கம். உலகின் கண்களைத் தன் வீட்டுக்கு அழைப்பவர், தாம் காட்ட விரும்புவதை மட்டுமே அக்கண்கள் காணும் என்று எதிர்பார்த்தல் இயலாது.

விளையாட்டு வீரர் தங்குவதற்கெனப் புக்கிட் ஜாலிலில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. விழா முடிந்தபின் அவை விலைக்குரிய வீடுகளாயின. காமன்வெல்த் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன. பதினொரு நாள் விருந்தினர்க்கு வீடு கட்டியது தவறன்று. அவ்வீடுகட்கு அணித்தே, அந்நிலத்தையே உழைத்து ஆக்கிய குடும்பங்கள் பழைய லயங்களில் வாழ்ந்துகொண்டிருந்தன என்பதே நெஞ்சைச் சுடும் செய்தி. 1,800 ஏக்கரில் கடைசியாக எஞ்சியது 26 ஏக்கர். அதில் 4 ஏக்கர் மட்டும் தந்தால் வரிசை வீடுகள் கட்டிக்கொண்டு வாழ்வோம் என்று 41 குடும்பங்கள் கேட்டன. 2011ஆம் ஆண்டிலும், விழா முடிந்து 13 ஆண்டுகள் கழிந்த பின்னும், அவர்கள் அக்கோரிக்கைக்காகப் போராடிக்கொண்டிருந்தனர். வீட்டைக் காலி செய்க என்று அவர்களுக்கு வந்த ஆணை, 1969ஆம் ஆண்டு நெருக்கடிநிலை விதிகளின்கீழ்ப் பிறந்தது. அத்துமீறிக் குடியேறியோரை அகற்றுதற்கு இயற்றப்பட்ட விதி அது. யார் அத்துமீறிக் குடியேறியவர்? தோட்டம் உண்டானபோது உடனிருந்தவரா, தோட்டம் அழிந்தபின் வந்தவரா? இக்கேள்விக்கு விடையளிக்க வழக்கறிஞர் வேண்டுவதில்லை, மனச்சான்று போதும்.

சிலர் மொழிவர்: நாட்டுக்கு நன்மை விளையும்போது சிலர் இடம் பெயர்தல் தவிர்க்க இயலாதது என்று. இடம் பெயர்தலை நாம் முற்றிலும் மறுக்கவில்லை. தோட்டங்கள் என்றென்றும் நிலைத்திருக்க வேண்டும் என்றும் நாம் வாதிக்கவில்லை. லயத்து வாழ்வு போற்றி வைக்கத்தக்க பொன்வாழ்வன்று. நாம் கேட்பது கணக்கு. சிமெந்துக்கும் இரும்புக்கும் கணக்கெழுதிய கை, இடம்பெயர்ந்தவன் வீட்டுக்கு ஏன் கணக்கெழுதவில்லை? பெருவிழாவின் வரவுசெலவுத் திட்டத்தில் வாணவேடிக்கைக்கு இடமுண்டு. தோட்டத் தொழிலாளி வீட்டுக்கு நாலு ஏக்கர் மட்டும் நன்கொடை எனப் பேசப்படுகிறது. அது நன்கொடையன்று, கடன்.

அரங்கங்களாவது என்றும் நிலைத்து நிற்கின்றனவா எனின், அதுவும் இல்லை. ஷா ஆலாமில் எண்பதினாயிரம் பேர் அமரத்தக்க அரங்கம் 1994இல் திறக்கப்பட்டது. விரிந்த அதன் கூரை நாட்டின் பெருமையாகப் பேசப்பட்டது. பழுது முற்றி 2020இல் அது மூடப்பட்டது. 2024இல் இடிக்கும் வேலை தொடங்கிற்று. முப்பதாண்டே அதன் ஆயுள். ஒரு லயத்து வீட்டின் ஆயுள் அதனினும் நீண்டது!

புக்கிட் ஜாலில் தந்த ஊக்கத்தால் கோலாலம்பூர் மேன்மேலும் கனவு கண்டது. 2008 ஒலிம்பிக்கை வேண்டி விண்ணப்பித்தது. 2000இல் முதற்சுற்றிலேயே நீக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, 2006 ஆசிய விளையாட்டுகளுக்கான போட்டியில் தோகா நகரிடம் தோற்றது. 2017இல் தென்கிழக்காசிய விளையாட்டுகளைப் புக்கிட் ஜாலிலைப் புதுப்பித்து நடத்தியது. 2027ஆம் ஆண்டுக்குரிய அவ்விளையாட்டுகளும் மலேசியாவுக்கே அளிக்கப்பட்டன.

இதற்கிடையே உலகெங்கும் காற்று திசைமாறியது. தமிழர் மிகுந்து வாழும் தென்னாப்பிரிக்கத் துறைமுகமாகிய தர்பனுக்கு 2015இல் அளிக்கப்பட்ட 2022 காமன்வெல்த் விழா, பொருள் உறுதி இன்மையால் 2017இல் திரும்பப் பெறப்பட்டது. 2026 விழாவை ஏற்ற ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 260 கோடி டாலரென மதிப்பிட்ட செலவு 600 கோடியைத் தாண்டுமெனக் கூறி 2023 ஜூலையில் விலகிற்று. அதே விழாவை நடத்துமாறு மலேசியாவுக்கு 2024 மார்ச்சில் அழைப்பு வந்தது. 10 கோடி பவுன் உதவியும் கூட்டமைப்பு தருவதாயிற்று. அன்வார் இப்ராகிம் தலைமையிலான அரசு, காலமும் பொருளும் போதா என்று மறுத்தது. 1998இல் விழா நாள்களில் சிறை புகுந்தவரே, 2024இல் அதே விழாவை மறுக்கும் இடத்தில் இருந்தார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அம்மறுப்பை நாம் வரவேற்கிறோம். எனினும் அதன் காரணங்களை மீண்டும் படிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். காலம் போதாது, பணம் போதாது என்பனவே அவை. இருந்த வளாகங்களை வைத்தே நடத்தலாம் என்று சிலரும், வெள்ளி விரயம் என்று சிலரும் வாதிட்டனர். 1998க்காக நிலம் கொடுத்தவர்களுடைய கடன் தீர்ந்ததா என்னும் கேள்வியோ அவ்வாதத்தில் முன்னிற்கவில்லை. போதிய பணமும் காலமும் வாய்க்கும் நாளில், பழைய வழியே மீண்டும் நடப்போம் என்பது இதன் உட்பொருளாகிவிடலாகாது.

அங்ஙனமாயின் எந்நகரமும் எவ்விழாவும் நடத்தலாகாதா? நடத்தலாம். விக்டோரியா விட்ட விழாவை ஏற்ற கிளாஸ்கோ வகுத்த திட்டம் இதற்கோர் எடுத்துக்காட்டு. பத்தே விளையாட்டுகள்; எட்டு மைல் தொலைவுக்குள் நான்கே ஆடிடங்கள்; அவையும் முன்னரே உள்ளவை. மெர்டேக்கா அரங்கம் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதியதாயிருந்த பழைய கோலாலம்பூரின் அறிவு இதனின்றும் வேறன்று. 2030 விழாவை ஏற்றுள்ள அகமதாபாத்து, அதனினும் பெரிய ஒலிம்பிக் கனவையும் உடையது. அந்நகரத்தார் கோலாலம்பூருக்கு வந்து தேசிய அரங்கத்தின் கூரையை மட்டும் அளந்து செல்வாராயின் பயனில்லை. அரங்கின் அடியிலிருந்த தோட்டத்தின் கதையையும் கேட்டுச் செல்லல் வேண்டும்.

விருந்து அழைப்போர்க்கு நம் முன்னோர் வகுத்த முறை எளியது: வீட்டிலுள்ளோரைப் பட்டினியிட்டு விருந்தினர்க்கு இலை போடுதல் விருந்தோம்பலாகாது. நகரங்கட்கும் அம்முறையே பொருந்தும். ஒரு நகரம் தகுதியுடையதா என ஆராயும் குழுவினர், இருக்கைகளையும் விடுதி அறைகளையும் எண்ணுமுன், அந்நிலத்தில் வாழ்வோர் எத்தனை பேர், விழா தொடங்கும் நாளுக்கு முன்னரே அவர்கள் தம் சொந்த வீட்டில் குடியேறிவிட்டனரா என்று எண்ணட்டும். விழா முடிந்த மறுநாள் அக்களத்தில் ஏழைச் சிறுவனும் சிறுமியும் காசின்றி ஓட இயலுமா என்று கேட்கட்டும். ராஜாமணியின் ஓட்டமும் சரவணனின் நடையும் பேரரங்கத்தால் உண்டானவையல்ல. அரங்கம் அவற்றுக்கு மேடை மட்டுமே தந்தது. திடலற்ற பள்ளிகள் பெருகும் நகரில் எண்பதினாயிரம் இருக்கைகள் இருந்து என்ன பயன்?

எதிர்கால விழாக்களை மனத்துள் நடத்திப் பார்க்கும் இளைஞர்களே, கனவு காணுங்கள். தாராளமாக வட்டங்கள் வரையுங்கள். வரையுமுன், அவ்வட்டத்தினுள் இன்று நிற்கும் ஊரின் பெயரை முதலில் எழுதுங்கள். அம்பாங்கில் மாண்டவர் 69 என்னும் எண்ணாக மட்டுமே எஞ்சினர். புக்கிட் ஜாலில் தோட்டத்தார் 41 என்னும் எண்ணாக மட்டுமே எஞ்சிவிடாமற் காப்பது, அவர்தம் கடனைத் தீர்க்கும் பொறுப்பை ஏற்பவரால் மட்டுமே இயலும். அப்பொறுப்பை ஏற்கும் நகரமே உலகினரை விருந்துக்கு அழைக்கத் தகுதியுடையது.